இன்றைய பணிவிடை

கார்த்திகையில் இரண்டு நாள் மழை விடாமல் பெய்தால் போதும், செம்பரம்பாக்கம் வட்டாரத்தில் எல்லார் கண்ணும் ஏரியின் மேல்தான். ஏரியின் மொத்த உயரம் 24 அடி. இன்று 22 ஆகிவிட்டது, இல்லை 22 தாண்டிவிட்டது என்று டீக்கடையில் பேச்சு. 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓரடியின் பயம் தெரியும். அன்று இரவு ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மிதந்தன. அதற்கு ஓராண்டு முன்பு, 2014 நவம்பர் 1 அன்று, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றுபோனது. பிறகு 2020 ஊரடங்கு. தண்ணீரால் ஒரு பயம், வேலையால் ஒரு பயம் என்று மாறி மாறி வருகிறது.

இப்படிப்பட்ட வேளையில் மனம் எங்கே ஓடுகிறது? நாளை நடக்கப்போவதைச் சொல்பவர் யார் என்று தேடி ஓடுகிறது.

ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலை பார்த்த தம்பி ஒருவர், தென்மாவட்டத்துப் பிள்ளை. திடீரென்று நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அறை வாடகை பாக்கி. ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன். கையில் மிச்சம் இருந்ததையும் குறி சொல்லுகிறவரிடம் கொடுத்துவிட்டு, கடைசியில் நிழல் தாங்கலுக்கு வந்து நின்றார். "அய்யா என்னைக் கைவிட்டுட்டாரா?" என்று பணிவிடை செய்யும் பெரியவரிடம் கேட்டார்.

பெரியவர் அந்தக் கேள்விக்கு நேரே பதில் சொல்லவில்லை. துவையல் தவசைப் பற்றிப் பேசினார்.

அய்யா சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து மீண்டு வந்த பின்பு, எழுநூறு குடும்பங்கள் வீடு வாசலை விட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். முதலில் வகைப்பதி, பின்பு முட்டப்பதி. நாளும் மும்முறை குளித்துத் துணி துவைத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் ஒரே வேளை ஆகாரம். பிள்ளை குட்டிகளோடு உப்புக் காற்றில் கிடந்தவர்களுக்கு நாளை என்ன ஆகும் என்ற கவலை இருந்திருக்காதா? நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் அய்யா அவர்கள் கையில் கொடுத்தது நாளைய விவரம் அல்ல, இன்றைய வேலை.

துணி துவைப்பது ஒரு தவசா என்று சிலர் இன்றும் கேட்கிறார்கள். மேல்துணி உடுத்தவும் தலைப்பாகை கட்டவும் தடை இருந்த காலம் அது. அந்த மக்கள் சுத்தமாகத் துவைத்த துணி உடுத்தி, தலை நிமிர்ந்து, ஒருவரோடு ஒருவர் கூடி வாழப் பழகினார்கள். பயந்து ஒதுங்கிக் கிடந்தவர்களைத்தான் அய்யா அப்படி எழுப்பினார். தவசு முடிந்து ஊர் திரும்பியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராக நிழல் தாங்கல் எழும்பியதில் அவர்கள் பங்கு உண்டு. வெள்ளம் வடிந்தபின் சேறு படிந்த துணிகளை மூட்டை மூட்டையாகத் துவைத்த நம் தாய்மார்களுக்கு இந்தத் தவசை விளக்கவே வேண்டாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2015-இல் தண்ணீர், இது அய்யாவின் பிள்ளைகள் வீடு என்று பார்த்து விலகிப் போகவில்லை. திருநாமம் இட்டவன் வேலை போகாது என்றும் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவர் யாராக இருந்தாலும் அது அய்யா வழி அல்ல. காணிக்கையே வேண்டாம் என்றவர் அய்யா.

"போனவாரம் தாங்கலுக்கு வந்தீங்களா, தம்பி?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லை. வேலை போனதிலிருந்து யாரையும் பார்க்கப் பிடிக்கலை."

"அப்போ யார் யாரைக் கைவிட்டது?"

தம்பி தலை குனிந்தார். பெரியவருக்கே மனம் கேட்கவில்லை, கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று. பையைப் பிரித்து, துவைத்து மடித்த ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து, "தலைப்பாகை கட்டிக்கிட்டு வாங்க, உகப்படிப்புக்கு நேரமாச்சு" என்றார். கண்ணாடிக்கு முன்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

தம்பிக்கு இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை. ஆனால் ஞாயிறு காலையிலேயே வந்து அன்னதர்மத்துக்கு அரிசி களைந்து போடுகிறார். போன ஞாயிறு, வேலை இழந்த ஒடிசாப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வாசலில் நின்றான். தமிழ் அவ்வளவாக வராது. தம்பிதான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறினார். சாப்பிட்டு முடிந்ததும் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.