பீப் சத்தம் சொல்லாதது

வெள்ளகோவில் தறிக்குடோன்களில் ஒரு மோட்டார் நின்றுபோனால் முதலில் மல்டிமீட்டரைத்தான் எடுப்பார்கள். கேபிளின் இரு முனையிலும் வைத்து ‘பீப்’ கேட்டதும், "ஒயரு நல்லாத்தான் இருக்கு, காயில்தான் போச்சு" என்று மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சத்தத்தை இவ்வளவு நம்பக்கூடாது. சில பத்து ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் கொடுக்கும். கம்பியில் முப்பது இழைகள் இருந்து ஒன்று மட்டும் அறாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கொடுக்கும்.

ஆகவே சத்தத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். 2.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.5 ஓம் தடை. 50 மீட்டர் கேபிளில் இரண்டு கோரை (உள்கம்பியை) மறுமுனையில் முறுக்கிச் சேர்த்து அளந்தால், போக வர 100 மீட்டருக்கு 0.75 ஓம் வரவேண்டும். மீட்டரின் இரு புரோபையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அதன் சொந்தத் தடையை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி வெயிலில், 20 டிகிரியில் இருந்ததைவிட 8 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதனால் மூன்று கோரையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, மூன்று ஜோடியாக அளந்து ஒப்பிடுவதே எனக்குப் பிடித்த வழி. இரண்டு ஜோடிகள் 2 ஓம் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான கோரில்தான் கோளாறு. அளக்கும்போதே லக் அடித்த இடத்தை அசைத்துப் பாருங்கள். தறி அதிரும்போது இழை அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கம்பி சரி, மேலுறை? மல்டிமீட்டர் செலுத்துவது சில வோல்ட்தான். எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து ஈரம் ஏறிய உறையின் கசிவு அதற்குத் தெரியாது. அதற்கு உறையின் தடையை அளக்கும் மெகர் வேண்டும். (அது 1903-இல் பதிவான பிரிட்டிஷ் வணிகப்பெயர். வனஸ்பதிக்கு டால்டா மாதிரி, கருவிக்கே பெயராகிவிட்டது.) மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரைப் பிரித்துவிட்டு 500 வோல்ட் டி.சி. கொடுங்கள். மோட்டார் இணைந்திருந்தால் ஃபேஸுக்கு ஃபேஸ் சுழியம்தான் காட்டும். அது காயில் வழியாக வருவது, பழுதல்ல. ஆட்டோ தறியின் எலக்ட்ரானிக் போர்டைக் கழற்ற மறந்தால் செலவு உங்களுடையது. 1 மெகா ஓம் என்பது பாஸ் மார்க் மட்டுமே. நல்ல கேபிள் நூற்றுக்கணக்கில் காட்டும். அளந்து முடித்ததும், தேங்கிய மின்சாரத்தை எர்த்தில் இறக்கிவிட்டுத்தான் கம்பியைத் தொடவேண்டும்.

இதே மெகர் போர்வெல்லிலும் பெரிய வேலை செய்யும். சப்மெர்சிபிள் கேபிளின் ஜாயின்ட்டை இறக்குவதற்கு முன் தண்ணீர் டிரம்மில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கோருக்கும் தண்ணீருக்கும் இடையே அளந்து பாருங்கள். நல்ல கேபிளிலும் நீளம் மூன்று மடங்கானால் அளவு மூன்றில் ஒன்றாகும், அது இயல்பு. இறக்கும்போது சில பைப்புகளுக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். எங்கே சட்டென்று விழுகிறதோ, அங்கேயே நிறுத்தி, கடைசியாக நல்ல அளவு காட்டிய பைப் வரை தூக்கிப் பார்த்தால் கேபிள் உரசிய இடம் பெரும்பாலும் கண்ணில் படும்.