மறந்தோம் என்பது மறுமொழியாகுமா?

நெருப்பின் பெயரால் புகழ் கொண்ட ஊர் திருவண்ணாமலை. மலையே தழலாய் நின்றது என்பது பழங்கதை. சித்திரைத் திங்கள் நண்பகலில் அங்கு வெறுங்கால் ஊன்றுவோர்க்கு, தார்ச்சாலையே தழலாய்ச் சுடுவது கண்கூடு! 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையைச் சுற்றி வர நான்கு மணி நேரம் போல ஆகும். சித்ரா பௌர்ணமிக்கு இலட்சக்கணக்கில் மக்கள் திரள்கின்றனர்; ஊரின் எல்லையெங்கும் கார்கள் வரிசை வரிசையாய் வெயிலில் நிற்கின்றன.

அவற்றுள் ஒன்றின் பின் இருக்கையில், குடும்பத்தோடு வந்த நாய் உறங்கிக் கிடப்பதாகக் கொள்வோம். குழந்தையை இறக்குகின்றனர், கூடையை எடுக்கின்றனர், பாட்டியைக் கைபிடித்து நடத்துகின்றனர், கதவைப் பூட்டுகின்றனர். நாயை மறந்துவிடுகின்றனர். கொடியவரா அவர்கள்? அல்லர். காலையில் அதற்குப் பாலூற்றியவர்கள். அதைப் பெயர் சொல்லிக் கொஞ்சியவர்கள். அன்புடையார் கையாலும் உயிர் மாளும் என்பதன்றோ நாம் அஞ்ச வேண்டிய உண்மை!

நடக்கக் கூடியதோ இது என ஐயுறுவோர் உண்டு. 2025 ஆம் ஆண்டில், ஆக்ராவில் தாஜ்மகால் காணச் சென்றோர் காருக்குள் விட்டுச் சென்ற வளர்ப்பு நாய், வண்டி நிறுத்துமிடத்திலேயே மாண்டது. அங்கே விட்டுச் சென்றனர். இங்கே மறந்து செல்கின்றனர். கண்ணாடிக்குள் அடைபட்ட நாய்க்கு இரண்டும் ஒன்றே.

அறிவியல் கூறுவதைக் கேட்போம். கண்ணாடி வழியே புகும் கதிரொளியை இருக்கைகள் உறிஞ்சி வெப்பமாக உமிழ்கின்றன. அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரும்பயன் இல்லை. வெளியே 30 பாகையாயின் உள்ளே 50 ஐத் தாண்டும்! நமக்கோ உடலெங்கும் வியர்வை. நாய்க்கு உள்ளங்காலில் மட்டுமே சிறிது வியர்வை. நாக்கை நீட்டி இளைத்துத்தான் அது தன் சூட்டைத் தணிக்கும். சூழ்ந்த காற்றே அனலானால் இளைப்பதும் வீண். உடல்வெப்பம் 41 பாகையைக் கடந்தால் உறுப்புகள் கெடும், உயிர் ஊசலாடும்.

இனி, அறத்தின் கேள்விக்கு வருவோம். எண்ணிச் செய்தது குற்றம். எண்ணாமல் நேர்ந்தது குற்றமாகுமா? மறதியை யாரும் வேண்டி அழைப்பதில்லையே!

வள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார்: பொச்சாவாமை. மகிழ்ச்சியின் மயக்கத்தில் மறந்து நிற்பதை அவர் சினத்தினும் தீதென்றார். துயரில் மறப்பதையன்று, களிப்பில் மறப்பதைக் கடிந்தார் என்பதைக் கருதுக. திருவிழாக் களிப்பும் அத்தகையதன்றோ? 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் உள்ளத்தை மட்டும் நோக்கவில்லை; வதையைத் தடுக்கத் தக்க கவனம் செலுத்தத் தவறிய உரிமையாளரையும் குற்றவாளியாகக் கருதியது. முதற் குற்றத்திற்கு அது குறித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! தண்டம் சிறிது, தத்துவம் பெரிது.

ஆகவே நாம் கூறுகிறோம்: மறதி மனித இயல்பு, அதற்காக எவரையும் கல்லெறிய வேண்டா. ஆனால், மறப்போம் என்று அறிந்தும் மறவாதிருக்க வழி வகுக்காமை இயல்பன்று, குற்றம். நாள்தோறும் செய்யும் செயலைக் கை தானே செய்யும். அன்று புதிதாய்ச் சேர்ந்த கடமையை மனம் நழுவவிடும். இதை அறிந்த பின்னும், "விதி முடிந்தது" என்று சொல்லித் தப்புவதா? கதவைப் பூட்டியது விதியின் கையா, நம் கையா?

வழியோ எளிது. மலைவலம் வருவோர் பலர் செருப்பைக் காரிலேயே விட்டு இறங்குகின்றனர். அச்செருப்பைப் பின் இருக்கையின் கீழ் வைப்பதை வழக்கமாக்கட்டும். பின்கதவைத் திறக்காமல் எவரும் நடக்க இயலாது, திறந்தால் நாயைக் காணாதிருக்க இயலாது. அதைக் காத்திருக்க ஆளில்லையெனில் வீட்டிலேயே விட்டு வரட்டும். அயலார் காரில் இளைக்கும் நாயைக் கண்டவர் வேடிக்கை பார்த்து நகராமல் காவலரை அழைக்கட்டும். மீட்ட உயிரை நிழலில் கிடத்தி, உடலைத் தண்ணீரால் நனைத்து, கால்நடை மருத்துவரிடம் விரையட்டும்.

வாயுள்ளவன் கதவைத் தட்டிக் கூவுவான். வாயில்லாதது நம் நினைவு ஒன்றையே நம்பி நம்மோடு வந்தது. அருள் தேடி மலையைச் சுற்றுவோரே, ஒரு நொடி திரும்பிப் பின் இருக்கையைப் பாருங்கள். அருள் அங்கிருந்தே தொடங்கட்டும்!