எண்ணிக்கையில் விடுபட்ட பிள்ளைகள்



இன்று தூய ஆவியாரின் பெருவிழா. முதல் வாசகத்தில் கேட்டோம்: பார்த்தர், மேதியர், எலாமியர் என்று பல நாட்டார் எருசலேமில் கூடியிருந்தார்கள். திருத்தூதர்கள் பேசியபோது ஒவ்வொருவர் காதிலும் அவரவர் தாய்மொழியே விழுந்தது. ஆவியார் நினைத்திருந்தால் எல்லாரையும் ஒரே மொழிக்காரராக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், கேட்கிறவரின் மொழிக்கு அவரே இறங்கி வந்தார்.

அப்படி நம் மொழிக்கு இறங்கி வந்தவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு. தேம்பாவணி பாடிய அந்தப் பெரும்புலவர், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கப் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். 1822-ல் அது ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சேறியது.

அதில் ஆற்றைக் கடந்த கதை உங்களுக்குத் தெரியும். குருவும் சீடர்களுமாக ஆறு பேர். கரையேறியதும் சீடன் ஒருவன் தலைகளை எண்ணுகிறான், தன்னை விட்டுவிடுகிறான். ஐந்துதான் வருகிறது. ஆறு ஒருவரை விழுங்கிவிட்டதென்று எல்லாரும் ஒப்பாரி வைக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கோர் அடி போட்டு எண்ண வைத்த பிறகே ஆறு பேரும் இருப்பது தெரிகிறது.

சென்ற ஞாயிறு நம் மறைக்கல்வி வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "43 ஃபாதர்" என்றார் ஆசிரியை. சற்றுப் பொறுத்து, "அப்புறம் சூளைக்காரப் பிள்ளைங்க ரெண்டு" என்றார். ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பம். அண்ணனும் தங்கையும் கடைசி பெஞ்சில், செருப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியையைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். சீடன் தன்னை விட்டுவிட்டு எண்ணினான். நாம் நம்மை மட்டும் எண்ணுகிறோம்.

அந்தச் சிறுமியை ஒரு கதை சொல்லச் சொன்னேன். ஒடியாவில் சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இரண்டு விரலைத் தலைக்கு மேல் நீட்டினாள். "முயல்!" என்று கத்தினான் முன்வரிசைப் பொடியன். அவள் உறுமினாள்; பெஞ்சுக்குக் கீழே எட்டிப் பார்த்து மறுபடி உறுமினாள். "கெணறு ஃபாதர்! சிங்கமும் முயலும்! எங்க பாட்டியும் சொல்லுவாங்க!" வகுப்பே எழுந்து நின்றது. அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆண்டவர் இயேசுவும் விதைப்பவன், காணாமற்போன ஆடு என்று கதைகளில்தான் பேசினார். கதை கேட்க உட்காரும்போது அந்நியன் அடுத்த வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளிடம், "சாப்டியா கண்ணு?" என்று கேட்டதோடு போனை வைத்துவிடாதீர்கள்; நம் தமிழில் ஒரு கதை சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வேப்பமரத்தடிக்குப் பிள்ளைகளோடு வாருங்கள். அந்தச் சிறுமியின் தாய் ஒடியாவில் கதை சொல்வார். மகன் அதைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வான். அடுத்த முறை நம் கதை.

அன்று நானே எண்ணப்போகிறேன். 45 வர வேண்டும்.

ஆமென்.