சோயா மையும் அகிம்சையும்

தாவர எண்ணெயில் செய்த அச்சு மை தீங்கற்றதா? 1987இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து சீடர் ராப்பிட்ஸ் கெஸட் நாளிதழ் சோயா மையில் அச்சிட்டது முதல் இதற்கு எளிதாக ‘ஆம்’ சொல்லி வருகிறோம். சமண அறம் அவ்வளவு எளிதில் விடாது. தீங்கைச் செய்தல், செய்வித்தல், அதற்கு உடன்படுதல் மூன்றையுமே அது வினையாக எண்ணுகிறது. ஒரு பொருளின் தோற்றம் முதல் அழிவு வரை கணக்கெடுக்கும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடும் ஏறக்குறைய அதையே கேட்கிறது. பெட்ரோலிய எண்ணெய்க்குப் பதில் சோயா வந்ததால் அச்சுக்கூடத்துக் காற்றில் நச்சாவி குறைகிறது. பழைய தாளிலிருந்து மையைப் பிரிப்பதும் எளிது. இவை மெய்யான நன்மைகள். ஆனால் கறுப்பு நிறம் தரும் கார்பன் பிளாக் இன்றும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. சோயாவுக்கோ உரமும் பூச்சிக்கொல்லியும் நிலமும் வேண்டும். பிரேசிலின் செராடோ புல்வெளிக்காடுகள் பரந்த அளவில் சோயா வயல்களாகிவிட்டன.

உலகச் சோயாவில் பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்கே போகிறது, மைக்குப் போவது சொற்பம் என்பார்கள். சரிதான், அதனால் நம் பங்கு சிறிதாகிறதே தவிர, இல்லாமல் போவதில்லை. அப்படியானால் அச்சிடவே கூடாதா என்றால், சமணமே இல்லறத்தாருக்கு முழுத் துறவை விதிக்கவில்லை, அணுவிரதம் என்னும் அளவான நோன்பைத்தான் விதித்தது. ஆகவே சோயா மையை வாங்குங்கள். அந்த விதை எந்த நிலத்தில் விளைந்தது என்றும் கேளுங்கள், தேவையற்ற படிகளை அச்சிடாதீர்கள்.