குருவின் கோப்பையில் சீடனின் சாம்பல்

(ராபர்ட்சன்பேட்டையில் இளைஞர்களும் பெற்றோரும் கூடியிருந்த சத்சங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் கசனின் வரலாறு வருகிறது. தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் போர் நடந்த காலம். இறந்தவரை உயிர்ப்பிக்கும் சஞ்சீவினி வித்தை அசுர குருவான சுக்கிராசாரியரிடம் மட்டுமே இருந்தது. அதைக் கற்று வருவதற்காகத் தேவகுரு பிருகஸ்பதியின் மகன் கசன் அவரிடம் சீடனாகச் சேர்ந்தான். அசுரர்களுக்கு அது பொறுக்கவில்லை. இருமுறை அவனைக் கொன்றார்கள். இருமுறையும் மகள் தேவயானி அழுது வேண்ட, சுக்கிரர் அவனை உயிர்ப்பித்தார். மூன்றாம் முறை அசுரர்கள் கசனை எரித்து, சாம்பலை மதுவில் கலந்து, குருவின் கையிலேயே கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டார்.

சுக்கிரர் பாமரர் அல்லர். மூவுலகிலும் எவருக்கும் தெரியாத வித்தையைக் கற்றவர். அத்தகையவருக்கே தம் கோப்பையில் இருப்பது தம் அருமைச் சீடன் என்பது தெரியவில்லை. உள்ளே இறங்கிய பிறகுதான், வயிற்றுக்குள்ளிருந்து கசனின் குரல் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நண்பர்களோடு அமர்ந்து கோப்பையை எடுக்கும் இளைஞனின் நிலையும் இதுவே. அதில் யாருடைய சாம்பல் கலந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. சற்று நேரத்தில் பின்னால் ஏறி அமரப்போகும் நண்பனுடையதாக இருக்கலாம். எதிரே சைக்கிளில் வேலை முடித்து வரும், அவன் முகமே அறியாத ஒரு தந்தையுடையதாக இருக்கலாம். சுக்கிரரிடம் சஞ்சீவினி இருந்தது. அதைச் சீடனுக்கு உபதேசித்து, தம் வயிற்றைப் பிளந்துகொண்டு அவன் வெளிவரச் செய்து, பின் அவனாலேயே தாமும் உயிர்பெற்றார். நம்மிடம் அந்த வித்தை இல்லை.

இந்த ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கிய சுரங்கம் உங்களுடையது. கூண்டில் நெருக்கியடித்து நின்று கீழே இறங்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மேலே வைண்டிங் எஞ்சினை இயக்கியவரின் கையில்தான் அந்தக் கூண்டின் கயிறு இருந்தது. மணி ஓசையைக் கேட்டு, அதன் பொருளறிந்து, அவர் எஞ்சினை இயக்குவார். ஒருநாள் அவர் தள்ளாடியபடி வேலைக்கு வருவதைப் பார்த்திருந்தால், அந்தக் கூண்டில் காலை வைத்திருப்பீர்களா? உங்கள் மகன் குடித்துவிட்டு வண்டிச் சாவியை எடுக்கும்போது, சாலையில் செல்லும் அத்தனை பேரும் அவன் இயக்கும் கூண்டில் ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது என்பது ஒன்றே வேறுபாடு.

இருளிலும் வெப்பத்திலும் உழைத்த அலுப்பைப் போக்க அந்தக் காலத்தில் சிலர் குடித்திருக்கலாம். அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் லைன் வீடுகளுக்கு நடந்தே திரும்பினார்கள். விழுந்தால் தாங்கள் மட்டுமே விழுந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மாரிகுப்பத்தில் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்ப் பிழைக்கிறார்கள். அவர்கள் கையில் இப்போது சம்பளமும் இருக்கிறது, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எளிதில் தாண்டும் வாகனமும் இருக்கிறது.

கடோபநிஷதம் இந்த உடலைத் தேர் என்கிறது. புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி. மது உள்ளே சென்றதும் முதலில் உறங்குவது சாரதிதான். குதிரைகள் உறங்குவதில்லை, கட்டவிழ்ந்து பாய்கின்றன. குடித்தவன் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படி நம்புகிறான். நிதானத்தை அளக்கும் கருவியே பழுதான பிறகு, நிதானம் தவறியதை அவன் எதைக்கொண்டு அறிவான்? காபி குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் இரத்தத்திலுள்ள மது இறங்குவதில்லை. கல்லீரல் தன் வேகத்தில்தான் அதைக் கழிக்கும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் மது என்பதே நம் நாட்டுச் சட்டம் விதித்துள்ள எல்லை. இளைஞர்கள் அந்த எல்லைக்குள் எவ்வளவு குடிக்கலாம் என்று கணக்கிடத் தொடங்குகிறார்கள். தேரோட்டி எவ்வளவு நேரம் உறங்கலாம் என்று கணக்கிடுவதற்கு ஒப்பானது அது.

2025 அக்டோபர் 24 அதிகாலையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்கு வந்துகொண்டிருந்த பேருந்து அது. கர்னூல் அருகே குடிபோதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிவந்த ஓர் இளைஞன் சாலைத் தடுப்பில் மோதி அங்கேயே உயிரிழந்தான். பின்னால் அமர்ந்திருந்த நண்பன் பிழைத்தான். வண்டி சாலையிலேயே கிடந்தது. பின்னால் வந்த பேருந்து அதன்மீது ஏறி, அதை இழுத்துக்கொண்டே சென்றது, தீப்பிடித்தது. உறங்கிக்கொண்டிருந்த பயணிகளில் 19 பேர் கருகி மாண்டார்கள். இருவரும் மது அருந்தியிருந்ததைத் தடயவியல் சோதனை உறுதிசெய்தது. பேருந்தின் தரப்பிலிருந்த தவறுகளும் விசாரிக்கப்பட்டன. அது தனி விஷயம்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். அந்த 19 பேர் மாண்டபோது, வண்டியை ஓட்டியவன் உயிரோடு இல்லை. செய்தவன் போய்விட்டான், செயல் போகவில்லை. சாலையில் கிடந்து அடுத்த வாகனத்துக்காகக் காத்திருந்தது. புலி என்று எண்ணி விட்ட அம்பு, அது பசு என்று தெரிந்த பிறகும் பாதி வழியில் நிற்காது என்று வேதாந்த நூல்கள் பிராரப்தத்துக்கு உவமை கூறும். அம்பை விட்டவனே மடிந்தாலும் அது நிற்காது என்பதைக் கர்னூல் காட்டியது.

"எல்லாம் விதி சுவாமி, அவர்களுக்கு அன்றோடு முடிந்தது" என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். இது வேதாந்தம் அன்று. சோம்பலுக்குப் போர்த்திய காவித்துணி. நமக்கு வரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளவே வினைக்கோட்பாடு சொல்லப்பட்டது. பிறருக்கு நாம் இழைத்த துன்பத்துக்குக் கணக்கு எழுதிக்கொள்ள அன்று.

விளைவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை இந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நூற்றிருபது ஆண்டுகள் எடுத்த தங்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. சயனைடு மண்மேடுகள் இங்கேயே நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூள் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. என்றோ ஒரு ஷிப்டில் சுவாசித்த கல்தூள் எத்தனையோ ஆண்டுகள் கழித்துச் சிலிகோசிஸ் நோயாக மூச்சை அடைத்ததையும் கண்டவர்கள் நீங்கள். ஓர் இரவின் களியாட்டமும் அப்படித்தான். முதுகுத்தண்டு முறிந்த இருபது வயதுப் பிள்ளையை அறுபது வயதுத் தாய் புரட்டிப் படுக்க வைக்கிறாள். தனக்குப் பின் இவனை யார் புரட்டுவார் என்பதே அவளுடைய ஜபமாகிவிடுகிறது. தலையில் அடிபட்டவன் உடல் தேறி எழுந்துவிடுகிறான். ஆனால் பழைய பிள்ளை திரும்பி வருவதில்லை. காரணமில்லாத கோபமும் மறதியுமாக வேறொருவன் அந்த வீட்டில் வாழ்கிறான். வழக்கும் எளிதில் விடாது. மும்பையில் 2006 நவம்பரில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் எழுவர்மீது குடித்துவிட்டுக் காரை ஏற்றியவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2012 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில்தான் ஓர் இளைஞன் படிப்பை முடித்து, வேலை தேடி, மணம் முடிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். 2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுச் சிறுவன் போதையில் ஓட்டிய கார் மோதி இளம் பொறியாளர் இருவர் இறந்தார்கள். முந்நூறு சொற்களில் ஒரு கட்டுரை எழுது என்பது அவனுக்குக் கிடைத்த ஜாமீன் நிபந்தனைகளுள் ஒன்று. நாடே கொதித்தது. பின்னர் அவனுடைய இரத்த மாதிரியை மாற்றிய புகாரில் தந்தை, தாய், மருத்துவர்கள் எனக் கைதானார்கள். பிள்ளைப்பாசம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்! திருதராஷ்டிரனுக்குக் கண்தான் இல்லை. நமக்கு என்ன குறை? சிறுவன் கையில் வண்டியைக் கொடுத்து அவன் குற்றமிழைத்தால் பெற்றோருக்கே 3 ஆண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. பத்தாம் வகுப்பில் தேறியதற்குப் பரிசாக வண்டி வாங்கித் தருகிறவர்கள் இதையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் என்னைச் சந்தித்தான். பெயரும் ஊரும் வேண்டாம். இரவு விருந்து முடிந்து அவன் ஓட்டிவந்த வண்டியில் பின்னால் இருந்த நண்பன் இறந்துவிட்டான். இவனுக்குக் காலில் ஒரு சிறு ஊனம், அவ்வளவே. "சுவாமி, அவனுடைய அம்மா என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. போனால் 'சாப்பிட்டாயா?' என்று கேட்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்குப் பிராயச்சித்தம் உண்டா?" என்று கேட்டான்.

நான் அவனுக்குக் கசன் கதையின் பிற்பகுதியைச் சொன்னேன். உயிர்பெற்று எழுந்த சுக்கிரர் நடந்ததை மறைக்கவில்லை. அசுரர்கள்மீது பழிபோட்டுத் தாம் ஒதுங்கவும் இல்லை. மதுவால் தமக்கு நேர்ந்ததை உலகறியச் சொல்லி, இனி அந்தணர் எவரும் மதுவைத் தொடலாகாது, தொட்டால் பெரும்பாவம் என்று விதித்தார். குடித்த வாய்தான் அந்த விதியையும் சொன்னது. "உன் வயதுப் பிள்ளைகளிடம் உன் வாயால் இதைச் சொல். அந்தத் தாய்க்கு மகன் செய்திருக்க வேண்டியதைச் செய். மன்னிப்பு எப்போது வரும் என்று கணக்குப் பார்க்காதே" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனான்.

மாதம் தவறாமல் அந்த அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான் என்று பின்னர் அறிந்தேன். கல்லூரிகளிலும் பேசுகிறான். இன்று உங்களிடம் பேச அவனைத்தான் முதலில் அழைத்தேன். வருவதாகத்தான் சொன்னான். கூட்டம் முடிந்து திரும்ப இரவாகிவிடும், இருட்டிய பிறகு சாலையில் பயணம் செய்ய இன்னும் முடியவில்லை என்று இன்று காலையில் செய்தி அனுப்பினான்.