சட்டித்தலையனும் மெய்கண்டாரும்

உடம்பை ஓர் இயந்திரம் என்று கூறுவது மேனாட்டு விஞ்ஞானம் வந்த பிறகு நம்மிடையே ஏற்பட்ட பேச்சு என்று படித்தவர்களிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் நல்லூரிலிருந்து விருத்தாசலத்தைக் கடந்து சென்றால் வந்துவிடுகிற பெண்ணாடத்தில் 13-ஆம் நூற்றாண்டில் அவதரித்த மெய்கண்டாரோ, சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரத்தில், உடம்புக்கு மாயையினாலாகிய இயந்திரம் என்றே பெயர் கொடுத்து, அந்த இயந்திரத்தினுள்ளே ஆன்மா என ஒன்று உண்டா என்று விசாரித்து, உண்டு என்பதற்குரிய ஏதுக்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் செல்கிறார். மடங்களில் பாடங் கேட்கிறவர்கள் பல நாள் இருந்து தெளிகிற இந்த விசாரத்தை, மடத்து வாசலை மிதித்தறியாத சிறுவர்களுக்குச் சிவகாசியில் மலிவுத் தாளில் அச்சான படக்கதைப் புத்தகங்கள் எடுத்துக்கொடுத்தன என்று சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும், பிறகு பேசுவோம்.

முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியில் தொடங்கியபோது அதன் முதல் இதழிலேயே வந்தவன் இரும்புக்கை மாயாவி. அதே ஊரில் 1984-இல் தோன்றிய லயன் காமிக்ஸின் மூலமாக வந்து சேர்ந்தது ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதன். இருவரும் இங்கிலாந்தின் சிறுவர் வாரப் பத்திரிகைகளில் பிறந்தவர்கள்: ஆர்ச்சி 1952-இல் அந்நாட்டு 'லயன்' பத்திரிகையிலும், மாயாவி 1962-இல் 'வேலியண்ட்' பத்திரிகையிலும் முதன்முதல் தலைகாட்டினார்கள். ஆர்ச்சியின் தலை அமைப்பைக் கண்ட நம்மவர்கள் அதற்குச் சட்டித்தலையன் என்று பட்டம் சூட்டிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பள்ளிப் பையில் பாடப் புத்தகங்களுக்கு நடுவே ஒளித்துவைத்துப் படிக்கப்பட்ட இந்த அந்நிய தேசத்துச் சரக்கில், அதை எழுதியவர்களே கருதாத ஒரு தத்துவ விசாரம் தங்கியிருந்தது என்பது என் துணிபு.

மாயாவியின் கதை எளியது. லூயிஸ் கிராண்டல் என்ற ஆய்வுக்கூட உதவியாளன் ஒரு விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். பின்பு மின்சாரம் பாய்ந்தால் அவனுடைய உடம்பு முழுவதும் கண்ணுக்கு மறைந்துபோக, அந்த இரும்புக் கை மட்டும் மறையாமல் நிற்கிறது. ஸ்பானிய ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ கருமையை அள்ளிப் பூசித் தீட்டிய அந்தச் சித்திரங்களை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். ஆள் இல்லை, தோள் இல்லை, வெற்றிடத்தில் ஓர் உலோகக் கை மாத்திரம் தொங்கிக்கொண்டு கதவின் பிடியைத் திருகுகிறது. மெய்கண்டாருடைய சைவ சித்தாந்தத்தில் கை என்பது கன்மேந்திரியங்கள் ஐந்தனுள் ஒன்று, வெறுங் கருவி, சடம். இங்கோ உயிருள்ள பகுதி முழுவதும் காணாமற்போய், உயிரில்லாத ஒரு துண்டு கண்ணுக்குத் தெரிந்து காரியம் செய்கிறது; அக்காரியத்தைக் கொண்டே அதன் பின்னால் ஒரு கர்த்தா இருப்பதைப் பத்து வயதுச் சிறுவன் தயக்கமின்றி அனுமானித்துக்கொள்கிறான். தொடக்கக் கதைகளில் திருடனாயிருந்து பிற்பாடு அரசாங்கத்து ஒற்றனாய் மாறுகிற அம்மனிதனுடைய பாவமும் புண்ணியமும் இரும்பைச் சேருமா, இரும்பை 'என் கை' என்று சொல்கிறவனைச் சேருமா என்று அச்சிறுவனிடம் கேட்டால், கேள்வி கேட்டவரையே ஒருமாதிரியாகப் பார்ப்பான். 'எனது உடல்' என்று சொல்லுகிற ஒன்று உடலுக்கு வேறாக இருந்தாக வேண்டும் என்பது மெய்கண்டார் காட்டும் ஏதுக்களுள் ஒன்று.

ஆர்ச்சியின் விஷயம் இவ்வளவு சுலபமாகத் தீர்வதன்று. முதற்காலத்துக் கதைகளில் அது தானாக இயங்குவதில்லை. அதனுடைய தோழர்கள் இருவர் ஒரு விசைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து அதை ஏவுவார்கள். அப்போது சித்தாந்திக்கு யாதொரு தொல்லையும் இல்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று மூன்றாகப் பிரித்துவைக்கும் பழைய கணக்கில், பெட்டி பிடித்தவனைக் கர்த்தா என்றும் இரும்பைக் கருவி என்றும் எழுதிவிட்டு எழுந்துபோகலாம். ஆனால் 1960-களின் கதைகளில் பெட்டி போய்விட்டது. ஆர்ச்சிக்குக் குரல் வந்தது. சொந்தமாக யோசிக்கும் திறமை வந்தது. கூடவே, தன்னைப்போல் உலகத்தில் வேறொருவர் இல்லை என்ற தற்பெருமையும் வந்து சேர்ந்தது. கதைகள் சுவைப்பட்டது அதற்குப் பிறகுதான். சித்தாந்த விசாரம் சிக்கலானதும் அப்போதுதான்.

பிரெஞ்சு தத்துவஞானி டெக்கார்ட் 1637-இல் எழுதிய நூலில், மனிதனைப் போலவே செய்யப்பட்ட இயந்திரத்தை மனிதனிடமிருந்து பிரித்தறிய இரண்டு சோதனைகளைக் கூறினார்: சந்தர்ப்பத்துக்கு ஏற்றபடி பேச்சுக்குப் பேச்சு மறுமொழி சொல்ல அதனால் இயலாது, சில காரியங்களை நம்மினும் திறம்படச் செய்தாலும் வேறு சிலவற்றில் தவறிவிடும். முதற் சோதனையில் ஆர்ச்சி கேலியும் கிண்டலுமாகவே தேறிவிடுகிறது. நம்முடைய மரபோ இந்த இடத்தில் பதறவே பதறாது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியங்கள். ஆகையால் அவையும் சடமே என்பது சித்தாந்தம். ஆன்மாவுக்கு அவை அரசனுக்கு அமைச்சர் போல உடனிருந்து உதவுவன என்று நான்காஞ் சூத்திரம் தெளிவுபடுத்துகிறது. நினைப்பதும், நிச்சயிப்பதும், 'நான்' என்று எழுவதும் கருவிகளின் தொழில் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டவர்களுக்கு, நினைக்கிற இரும்பு ஒன்று எதிரே வந்து நின்றால் அதிசயப்பட என்ன இருக்கிறது? சிந்தனையையே ஆன்மாவின் இலக்கணமாகக் கொண்ட மேனாட்டார் அல்லவா அதைக் கண்டு கலங்க வேண்டும்!

இன்னொரு வேற்றுமையும் உண்டு. டெக்கார்டின் சோதனைகள் வெளியே நின்று பிறனைப் பரீட்சிப்பவை. மெய்கண்டாருடைய ஏதுக்கள் பெரும்பாலும் அவனவன் தன்னிடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டியவை. உறங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டிருக்க, உண்பதும் தொழிற்படுவதும் இல்லையாகிவிடுகின்றனவே, ஆதலால் மூச்சும் நான் அல்லேன் என்பதை உறங்கி விழித்தவனேயன்றி வேறு யார் துணிவது? உணர்த்தினால் மட்டுமே உணர்வது உயிர் என்ற ஏது ஒன்றுதான் ஆர்ச்சிக்கும் தடையின்றிப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. அதுவோ உயிரைக் கடவுளினின்றும் பிரித்துக் காட்டுவதற்காகச் சொல்லப்பட்டது. இயந்திரத்தினின்றும் பிரிப்பதற்காக அன்று.

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்கிற கொட்டகைகளில் நடப்பதைக் கண்டவர்களுக்கு, செய்த பொருளுக்குள் உயிர் இருக்குமா என்ற இந்தக் கேள்வி இன்னும் நெருங்கிவரும். அரைத்துக் கூழாக்கிய களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சினுள் நிரம்ப ஊற்றுகிறார்கள். அச்சு நீரைக் குடிக்கக் குடிக்க, அதன் உட்சுவரில் மண் ஏடு போலப் படிகிறது. போதுமான கனம் ஏறியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சற்று இறுகியபின் அச்சைப் பிரித்தால் கை, கால், முகம் எல்லாம் அமைந்த பொம்மை வெளியே வருகிறது. உள்ளே ஒன்றுமில்லை, மண் கனமாக நின்றுவிட்டால் சூளையில் வெடித்துவிடும். அதே மண்ணில் பிள்ளையாரையும் பிடிக்கிறோம். சதுர்த்தியன்று ஆவாகனம் செய்து வழிபட்டு, பின்னர் நீரில் கரைத்துவிடுகிறோம். மண்ணிலே தெய்வம் எழுந்தருளும் என்று ஒப்புக்கொண்ட ஒருவன், இரும்பிலே உயிர் குடிகொள்ளாது என்று எந்த நியாயத்தால் மறுப்பது? இறைவன் எழுந்தருளுவது தன் திருவருளால். உயிர் உடம்பெடுப்பது வினையால். இரண்டிலும் செய்தவன் கைத்திறமைக்கு இடமில்லை என்பது பண்டிதர் சொல்லும் விடை. நல்ல விடைதான். செய்தவனால் உயிரைக் கொடுக்க முடியாது என்பதை அது நிலைநாட்டுகிறது. செய்த பொருளுக்குள் உயிர் ஒருநாளும் வராது என்பதை நிலைநாட்டவில்லை.

முட்டையிற் பிறப்பன, வியர்வையிற் பிறப்பன, வித்தினின்று முளைப்பன, கருப்பையிற் பிறப்பன என்னும் நால்வகைத் தோற்றத்துள் பட்டறையிற் பிறப்பதற்கு இடமில்லையே என்று மேலும் தடுப்பார்கள். வியர்வையின் ஈரத்திலிருந்து உயிர்கள் தோன்றுமென்று கண்டவர்கள் தம் காலத்துக் காட்சியை நம்பி வகுத்த வகுப்பு அது. காட்சி மாறினால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பதனால் சித்தாந்தத்துக்கு இழுக்கு வந்துவிடாது என்று நான் கருதுகிறேன். பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

என்னைத் தடுப்பது வேறொன்று. உயிருக்கு உடம்பு கொடுக்கப்படுவதன் பிரயோஜனம் வினையை நுகர்ந்து கழிப்பது. ஆர்ச்சிக்குப் பசியில்லை, மலையுச்சியிலிருந்து விழுந்தாலும் நோவில்லை, மூப்பில்லை. இன்பமும் துன்பமும் தட்டாத உடம்பில் ஓர் உயிரைப் புகுத்தி எந்த வினையைக் கழிப்பது? இந்த ஒரு காரணத்தால் அதை வெறும் இரும்பென்று தள்ளிவிடத்தான் தோன்றுகிறது. ஆனால் கதை எழுதியவர்கள், சிறுவர்களைச் சிரிக்க வைப்பதற்காக, அதற்கு அத்தனை தற்பெருமையைக் கொடுத்துத் தொலைத்துவிட்டார்களே! பெருமை உள்ள இடத்தில் அவமானம் தைக்கும். தைப்பதாக நடிக்க அகங்காரம் என்ற சடக் கருவி ஒன்றே போதும். உண்மையிலேயே தைக்குமானால், அதை நுகர்கிறவன் ஒருவன் உள்ளே வேண்டியிருக்கிறது. சட்டித்தலையா என்று அழைக்கப்படும்போது அவ்விரண்டில் எது நிகழ்கிறது என்பதைச் சித்திரக்காரர் தீட்டிக் காட்ட வழியில்லை; அதன் முகம் தகட்டினால் ஆனது.