உறையும் சங்கல்பமும்

கெத்சமனே தோட்டத்தில் பேதுரு வாளை உருவி மல்குஸ் என்பவனுடைய வலது காதை வெட்டிய அந்த இரவில், இயேசு தம் சீடனை வாளை எறிந்துவிடச் சொல்லவில்லை, உறையில் இடும்படியே பணித்தார் என்று யோவான் எழுதிவைத்திருப்பது, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஞாயிறு ஆராதனைக்குப் புறப்படும் வயோதிகர் ஒருவர், சட்டைக்கு அடியில் கைத்துப்பாக்கிக்கு எந்த உறையைக் கட்டிக்கொள்வது என்று யோசிப்பதை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது.

யோசனை முழுவதும் தேகத்தைப் பற்றியதே. இடுப்புவாரின் உட்புறம் முன்பக்கமாகச் செருகினால், உட்காரும்போது தொந்தியில் குத்தும். கணுக்காலில் கட்டினால், குனிய முழங்கால் இசையாது. முதுகுப்புறம் வைத்தால், வழுக்கி விழுகிற அன்று முதுகெலும்புக்கே ஆபத்து. கட்டைவிரலால் அழுத்தித் திறக்கும் பூட்டு, வாதம் பிடித்த விரலுக்கு விரோதி. தோலுறை மெத்தென்றிருக்கும், ஆனால் நாள்பட்டுத் தளர்ந்த அதன் விளிம்பு மடிந்து விசையில் படக்கூடுமாதலால், விசையை முழுதும் மூடும் கைடெக்ஸ் என்னும் விறைத்த பிளாஸ்டிக்கே மேல் என்பார்கள். வைத்தியரிடம்கூட மறைத்த தளர்ச்சியை இந்த உறையிடம் மறைக்க முடிவதில்லை.

2019 டிசம்பர் 29 அன்று, அதே மாகாணத்து ஒயிட் செட்டில்மென்ட் என்னும் ஊரின் தேவாலயத்தில், ஆராதனை நடுவே ஒருவன் எழுந்து இருவரைச் சுட்டுக் கொன்றான். காவல் தொண்டரான 71 வயது ஜாக் வில்சன் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். எல்லாம் ஆறு விநாடிக்குள்.

இழக்கக்கூடியதொன்றாகிய உயிரைக் காக்கத் தனிமனிதன் கொலை செய்வது தகுமா என்று தயங்கினார் இறையியலாளர் அகுஸ்தீனார். அவருக்குச் சுமார் எண்ணூறு ஆண்டுகள் பிந்திய தாமஸ் அக்வினாஸோ, தற்காப்பை மட்டுமே சங்கல்பித்துத் தேவைக்கு மிஞ்சாத பலத்தைப் பிரயோகித்தால் எதிரியின் மரணம் சங்கல்பத்துக்குப் புறம்பானது என்று வழி திறந்தார். அக்வினாஸின் நியாயம் எனக்கு ஏற்புடையதே. ஆயினும், ஆறு விநாடியில் யார்தான் சங்கல்பிக்க இயலும்? அந்தச் சங்கல்பம் என்றோ ஒரு பிற்பகலில், கடை மேஜையருகே, இது தொந்தியில் குத்துகிறதா, அது மறைகிறதா என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதே நடந்து முடிந்துவிட்டது என்றும், உறை தேடும் அந்த வயோதிகர் விலை பேசியது தோலையும் பிளாஸ்டிக்கையும் மட்டுமல்ல என்றும் எனக்குத் தோன்றுகிறது. அவரைப் பழிக்கவில்லை, மூப்பின் பயத்தை அறியாதவன்தான் பழிப்பான்.

வெறுந்துப்பாக்கியோடு கண்ணாடி முன் அவர் பழகும்போது, எடுப்பதைவிடத் திரும்ப வைப்பதுதான் கடினம். குண்டு நிரப்பியிருக்கும் நாளில், அவசரத்தில் சட்டை நுனி விசையில் சிக்கினால் தொடையிலே வெடிக்கும். பலர் காயம்பட்டது அப்படித்தான். ஆதலால் இடது கையால் சட்டையை மேலே தூக்கி, மூக்குக்கண்ணாடி நழுவக் கீழே குனிந்து பார்த்து, விரலை விலக்கி, மெல்ல மெல்ல உறையில் இடுகிறார்.